மஞ்சள் குடை மடங்கும் வரை

எங்கள் லயத்தில் இருந்து எங்கே போவதானாலும் ஒரே ரோடுதான். லயம் என்றால் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகள். சூரியநெல்லி ஜங்ஷனில் இருந்து மலைக்குள் ஏறி வந்தால் கடைசியாக இருப்பது எங்களுடையது. வாசலில் இருந்து ரோடு கீழே இறங்கி, ஓடையைத் தாண்டி, கிராண்டிஸ் என்கிற யூக்கலிப்டஸ் மரங்களுக்கு நடுவே ஒரு வளைவு வளைந்து, எதிர்ச் சரிவில் ஏறி, ஒரு தட்டைப் பாறையை ஒட்டிப் போய் மறையும். அதற்கு அந்தப் பக்கம்தான் தோட்டத்து டிஸ்பென்சரி, ஃபாக்டரி, ரிசார்ட்டுகள் எல்லாம். அந்த வளைவில் ஆனை நிற்கும். என்றைக்கு நிற்கும், என்றைக்கு நிற்காது என்பது ஆனைக்குத்தான் தெரியும்.

போனுக்குச் செய்தி அனுப்ப வனத்துறை வாட்சர்கள் இருக்கிறார்கள். பாவம், ராத்திரி பகல் பார்க்காமல் ஆனைக்குப் பின்னாலேயே அலைகிறவர்கள், அவர்களைக் குறை சொன்னால் வாய் வெந்துபோகும். ஆனால் எங்கள் லயத்தில் சிக்னல் கிடையாது. பாறையைத் தாண்டினால்தான் போனுக்கு உயிர் வரும். வளைவில் ஆனை நிற்கிறது, யாரும் வராதீர்கள் என்ற செய்தி, வளைவைத் தாண்டிப் போனவருக்குத்தான் வந்து சேரும். இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் லயத்தில் இல்லை.

நாங்கள் இங்கே குடிவந்து அதிக காலம் ஆகவில்லை. என் வீட்டுக்காரர் டிஸ்பென்சரியில் கம்பவுண்டர். முன்பு டிஸ்பென்சரிக்குப் பின்னாலேயே குவார்ட்டர்ஸில் இருந்தோம். மழையில் அதன் சுவர் வெடித்து, இருக்க லாயக்கில்லை என்று எழுதிவிட்டார்கள். லயத்தில் காலியாக இருந்த வீட்டைக் கொடுத்தார்கள். எனக்கு வேலை லயத்திலேயே இருக்கிற அங்கன்வாடியில். நான் ரோட்டில் இறங்க வேண்டிய அவசியமே இல்லை. அவருக்கோ தினமும் விடிந்ததும் இறங்கியாக வேண்டும். கொழுந்து எடுக்கப் போகிறவர்கள் வேலைக்குப் பேர் கொடுக்கும் முன்னால் மாத்திரை வாங்க வந்து நிற்பார்கள். கதவு பூட்டியிருந்தால் மாத்திரை இல்லாமலே மலை ஏறிவிடுவார்கள். அதனால் லயத்துக்கு மாறியதும், போடியில் இருக்கிற என் அண்ணன் தான் ஓட்டிச் சலித்த பழைய டீசல் காரை எங்களுக்குத் தள்ளிவிட்டான். தங்கச்சி மேல் அவனுக்கு அவ்வளவு பாசம்.

தகரம்தான் என்றாலும் காருக்குள் இருந்தால் ஆள் பத்திரம் என்று எனக்கு ஒரு தைரியம். பின்வாசலில் காபியோடு நின்று பார்ப்பேன். கார் வளைவுக்குள் மறையும். என் நெஞ்சு அங்கேயே நிற்கும். அப்புறம் எதிர்ச் சரிவில் பாறைக்குப் பக்கத்தில் போனதும் இரண்டு ஹாரன் அடிப்பார். தாண்டிவிட்டேன், நீ போய் வேலையைப் பார் என்று எனக்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்குப் பிறகு இப்படி ஒரு கரிசனமா என்று உள்ளுக்குள் ஒரே பெருமை. அந்தக் காபியை அதற்குப் பிறகுதான் குடிப்பேன்.

கார் எங்கள் வாசலில்தான் நிற்கும். குளிருக்கு அது லேசில் எழும்பாது. எழும்பினாலும் சூடேறும்வரை அங்கேயே நிறுத்தி உறுமவிட வேண்டும். மேலே மஞ்சு, அதாவது பனிமூட்டம், மூடிக் கிடப்பதால் புகை எழும்பிப் போகாது. கறுப்பாகக் கீழேயே தவழ்ந்து ஜன்னல் ஜன்னலாக எட்டிப் பார்த்துக்கொண்டு லயம் முழுக்கப் போகும். குழாயடியில் தண்ணீர் பிடிக்கிற பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். ஒருத்தரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. கம்பவுண்டரிடம் என்ன சொல்வார்கள்? நாளைக்கு ஊசி போடுகிற கை அல்லவா!

பக்கத்து வீட்டு மதினி ரிசார்ட் சமையல்கட்டில் வேலை பார்க்கிறவள். எங்களுக்கு மூத்தவள், வாய் நீளம், நெஞ்சு பலவீனம். குளிர்காலம் வந்தால் இழுப்பு வந்துவிடும். அவள் டிஸ்பென்சரியில் மருந்து ஆவி பிடிக்கிற மிஷினை மூக்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒருநாள், அதை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு இவரிடம் சொல்லியிருக்கிறாள். "காலையில நீயே புகையக் குடுக்க, பத்து மணிக்கு நீயே மருந்தும் குடுக்க. நல்ல ஆளுப்பா நீ!" அவள் கேலிக்குத்தான் சொன்னாள். மிஷினுக்குள் சிரித்து, சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்கவே இல்லையாம்.

அன்றைக்கு ராத்திரி இவர் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் காருக்கு நீலத் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டிருந்தார்.

"என்னங்க இது?"

"இனிமே நடந்து போறேன்."

"ஆனை?"

"அது பாட்டுக்கு அது போகும், நான் பாட்டுக்கு நான் போவேன்."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. கீழே ஜங்ஷனில் சூரிய உதயம் பார்க்கப் போகிற ஜீப்புகள் விடியாத இருட்டிலேயே வரிசையாக நின்று புகை கக்குகின்றன. சீசனில் மூணாறு வரைக்கும் வண்டி நகராமல் நிற்கிறது. அதையெல்லாம் விட்டுவிட்டு, எங்கள் தகர டப்பாவை நிறுத்தினால்தான் உலகம் உருப்படுமா என்று கத்தினேன். "நீங்க ஒருத்தர் நிறுத்திட்டா எல்லாம் சுத்தமாயிருமோ?"

"எல்லாம் எனக்குத் தெரியாதுடி. மதினி வீட்டு ஜன்னல்ல நம்ம புகை போகாது, அவ்வளவுதான்" என்றார். அந்த மனுஷனிடம் ஒரு பழக்கம், கத்த மாட்டார். நாம் கத்தி முடிக்கிறவரை நின்றுவிட்டு, தான் நினைத்ததைச் செய்வார். கத்துகிறவரைக் கூடக் கட்டி மேய்த்துவிடலாம்.

மருந்து விற்கிற கம்பெனி ஆள் ஒருத்தர் இனாமாகக் கொடுத்த ஒரு மஞ்சள் குடை வீட்டில் கிடந்தது. விளம்பரம் அச்சடித்தது, பார்க்கச் சகிக்காத மஞ்சள். அதை எடுத்துக்கொண்டு இறங்கினார். வளைவுக்குள் மறைந்தார். நான் பின்வாசலில் நின்றேன், காபி ஆறி ஆடை கட்டியது. எவ்வளவு நேரம் நின்றேனோ! பாறைமேல் மஞ்சளாக ஒன்று விரிந்தது. மழை இல்லை, தூறல்கூட இல்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றது, அப்புறம் மடங்கியது. அவர் சின்னதாகத் தெரிந்து, பாறைக்கு அப்பால் போனார். ஹாரன் இல்லாததால் எனக்காகக் குடையை விரித்துக் காட்டுகிறார் என்று புரிந்துகொண்டேன். கோபம் பாதி இறங்கிவிட்டது. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். லயத்தின் காலைகள் மாறிப்போயின. ஜன்னலைத் திறந்தால் தேயிலை வாடையும் ஈர மண் வாடையும்தான். மதினிக்கு இழுப்பு குறைந்தது. மிஷின் வைக்க வருவதையே நிறுத்திவிட்டாள். அங்கன்வாடிப் பிள்ளைகள் காலையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு வருவதில்லை. "தம்பி புண்ணியவான்" என்று மதினி என்னிடமே சொன்னாள். நானும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, உள்ளுக்குள் ஒப்புக்கொண்டேன்.

ஆனால் ரோடு அமைதியாகிவிட்டது. அந்த அமைதி எனக்கு மட்டும் பிடித்தால் பரவாயில்லை. ஒருநாள் ஓடைக்குப் பக்கத்தில் ஈரம் காயாத ஆனை லத்தி கிடந்தது என்றார்கள். அப்புறம் ஓடைக்கு இந்தப் பக்கம் கிடந்தது. அப்புறம் கடைசி வீட்டுக்காரர் வைத்திருந்த வாழை இரண்டும் வேரோடு போயிருந்தன. நாய்கள் குரைக்கக்கூட இல்லை. படிக்கட்டுக்குக் கீழே சேற்றில் ஒரு காலடி, முறம் அகலத்துக்கு. அதில் தண்ணீர் தேங்கி, தண்ணீரில் வானம் தெரிந்தது. அங்கன்வாடிப் பிள்ளைகளை அந்தப் பக்கமே விடவில்லை. அவரோ அதை ஒரு தாண்டு தாண்டிவிட்டுக் குடையோடு போனார்.

"காரை எடுங்களேன்" என்று அன்று கெஞ்சினேன்.

"பார்ப்போம்" என்றார். அவர் பார்ப்போம் என்றால் மாட்டேன் என்று அர்த்தம்.

வீட்டுத் தொட்டியில் தண்ணீர் தீர்ந்துபோன ஒரு காலையில்தான் எனக்கு விஷயம் வெளிச்சமானது. அவர் கிளம்பிப் போனதும் வாளியோடு குழாயடிக்கு ஓடினேன். அந்த நேரத்தில் நான் அங்கே போனதே இல்லை. குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது, பிடிக்க ஆள் இல்லை. ஆள் இல்லாமல் இல்லை, ஏழெட்டுப் பெண்கள் நின்றார்கள். குளித்து, தலை வாரி, பையைத் தோளில் மாட்டி, வேலைக்குப் போக ரெடியாக நின்றார்கள். எல்லார் கண்ணும் எதிர்ச் சரிவில் இருந்தது.

"என்ன மதினி, எல்லாரும் நிக்கிறீங்க?"

"இரு புள்ள" என்றாள் மதினி, திரும்பாமலே. "தம்பி இன்னும் பாறைக்கு வரல."

பாறைமேல் மஞ்சள் விரிந்தது. "ஆச்சு" என்றாள் ஒருத்தி. அவ்வளவுதான், கூட்டம் ரோட்டில் இறங்கிவிட்டது. ஒருத்தருக்குப் பின்னால் ஒருத்தர், கொஞ்சம் கொஞ்சம் இடைவெளி விட்டு. மதினி மட்டும் திரும்பி, "வாரேன் புள்ள" என்று கையைக் காட்டினாள். குடை மடங்கியதை அவர்களில் யாரும் பார்க்கவில்லை. நான் காலி வாளியோடு நின்றேன். அந்த ஹாரனும் எனக்கில்லை, இந்தக் குடையும் எனக்கில்லை.

சாயங்காலம் மதினி வேலை முடித்து வருகிறவரை வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"என் புருஷன் என்ன உங்களுக்கு நேந்துவிட்ட கெடாவா? அவர முன்னால விட்டு, அவரு செத்தாரா பிழைச்சாரான்னு பாத்துட்டு நீங்க போவீங்களோ?"

மதினி பையை இறக்கி வைத்தாள். கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

"நாங்க போகச் சொன்னமா? முன்ன பால் ஜீப்பு போகும், பாறைகிட்ட ரெண்டு ஹாரன் அடிக்கும், நாங்க இறங்குவோம். ஜீப்பு நின்னு போச்சு. உங்க காரு வந்துச்சு. நான்தான் தம்பிகிட்டச் சொன்னேன், நீயும் அடிச்சிட்டுப் போயான்னு. இப்பக் குடைய விரிக்காரு. உனக்கு இப்பத்தான் தெரியுதாக்கும்?"

"எல்லாரும் சேந்து போனா என்ன?"

"சேந்து போயி? ஒரு பக்கம் மண்ணு, ஒரு பக்கம் பள்ளம். ஆனை வந்தா ஒருத்தின்னா ஒண்டிக்கிடலாம். அத்தன பேரும் திரும்பி ஓடுனா ஒருத்தர ஒருத்தர் மிதிச்சே போயிருவோம். அப்படி ஓடித்தான் மேல் வீட்டுக்காரிக்கு இடுப்பு போச்சு." அவள் என்னையே பார்த்தாள். "ஏ புள்ள, ஒண்ணு கேக்கேன். காரு இருந்தப்ப அவரு காருக்குள்ள போனாரு. நாங்க எதுக்குள்ள போனோம்?"

எழுந்து உள்ளே வந்துவிட்டேன். அதற்காகக் கோபம் போய்விடவில்லை. அதைப் பாத்திரங்கள் மேல் காட்டினேன்.

அவர் வந்ததும் கேட்டேன். தெரியுமா உங்களுக்கு, இத்தனை பேர் உங்களை முன்னால் அனுப்பிவிட்டு நிற்கிறது தெரியுமா? அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "தெரியும்" என்றார்.

"தெரிஞ்சுமா காரை நிறுத்துனீங்க?"

"நிறுத்தின அன்னைக்கு நினைப்பு வரல. பாறையில ஏறித் திரும்பிப் பாத்தேன், எல்லாரும் குழாயடியில நிக்கிறது தெரிஞ்சுது. ஹாரன் இல்லாம எப்படி இறங்குவாங்க? கையில குடை இருந்துச்சு."

"அப்ப எனக்கு இல்லையா அது?"

இதுதான் கேட்க வேண்டிய கேள்வியா என்று நீங்கள் சிரிக்கலாம். எனக்கு அப்போது அதுதான் கேட்க வந்தது. அவரும் சிரித்துவிட்டார்.

"விரிக்கிறது அவங்களுக்கு. விரிச்சதப் பாத்ததும் அவங்க இறங்கிருவாங்க. நீ ஒருத்திதான் பின்வாசல்லயே நிப்ப. மடக்கிட்டுப் போனாத்தான் உள்ள போவ. அதான் மடக்கிக் காட்டிட்டுப் போறேன்."

அதற்குப் பிறகு அவரிடம் சண்டை போட எனக்குத் தெம்பு இல்லை. பயம் மட்டும் அப்படியே இருந்தது. தினமும் பின்வாசலில் நின்றேன். விரிந்தது, மடங்கியது. விரிந்தது, மடங்கியது. விரிவதற்கும் மடங்குவதற்கும் நடுவில் இருக்கிற நேரம் என் உடம்புக்கே தெரிந்துபோயிற்று.

மஞ்சு விட்டு விட்டு நகர்ந்துகொண்டிருந்த ஒரு காலை. அவர் இறங்கிப் போனார். பாறை தெரியவில்லை, தெரிந்தது, மறுபடி மூடியது. மூடல் விலகியபோது குடை விரிந்திருந்தது. குழாயடியில் மதினியின் குரல் கேட்டது, "ஆச்சு, வாங்க." செருப்புச் சத்தம் ரோட்டில் இறங்கியது.

நான் காபித் தம்ளரோடு நின்றேன். மடங்கவில்லை. இன்னும் மடங்கவில்லை. மஞ்சு கண்ணை மறைக்கிறதோ என்று பார்த்தேன், பாறை துலக்கமாகத் தெரிந்தது. குடை நிமிர்ந்து நிற்கவில்லை, சாய்ந்து கிடந்தது. காற்றில் லேசாக இந்தப் பக்கம் உருண்டு, அந்தப் பக்கம் உருண்டது. பிடித்திருக்கிற கை இல்லை.

கத்தினாலும் ஓடைச் சத்தத்தில் அவர்களுக்குக் கேட்காது. ரோட்டு வழியாகப் போனால் எட்டமுடியாது என்று தேயிலைக்குள் விழுந்து இறங்கினேன். செடியின் வாது பிடித்து இழுத்தது, புடவை கிழிந்தது, ஒரு செருப்பு எங்கேயோ போயிற்று. அவரை நினைத்தேனா, அவர்களை நினைத்தேனா என்று இன்றைக்கும் தெரியவில்லை. ஓடைக்கு மேலே ரோட்டில் போய் விழுந்தபோது மதினி முதல் ஆளாக வந்துகொண்டிருந்தாள். அவள் முந்தானையைப் பிடித்துத் தொங்கினேன்.

"போகாதீங்க. மடங்கல."

"என்ன புள்ள உளறுத? விரிச்சுட்டாருல்லா?"

"மடங்கல மதினி. குடை மடங்கல!"

அவளுக்குப் புரிந்ததா தெரியவில்லை. என் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டாள். பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். அப்போது வளைவுக்குள் இருந்து ஒரு கிளை முறிகிற சத்தம் கேட்டது. அப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை. பறவை இல்லை, பூச்சி இல்லை. மாட்டுத் தொழுவ வாடை மாதிரி, அதைவிடக் காட்டமாக ஒன்று மஞ்சோடு வந்தது. ஒருத்தரும் ஓடவில்லை. மதினி என் கையைப் பிடித்து, பின்பக்கமாகவே ஒரு எட்டு வைத்தாள். எல்லாரும் அப்படியே பின்பக்கமாகவே ஏறினோம். லயத்துப் படியில் கால் வைத்தபோது வளைவில் இருந்து அது வெளியே வந்தது. ஒற்றை ஆனை. நாங்கள் நின்றிருந்த இடத்துக்கு வந்து, தரையை மோந்து பார்த்து, அங்கேயே நின்றது. அங்கே கழன்று கிடந்த என் மிச்சச் செருப்பைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போட்டது.

எல்லாரும் பிழைத்துவிட்டார்கள், அவரைக் காணோம். நான் குழாயடியில் உட்கார்ந்து பாறையையே பார்த்தேன். மதினி என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் கையைத் தட்டிவிட வேண்டும் போலவும் இருந்தது, பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. மேல் வீட்டுக்காரியின் மருமகன் எங்கள் கார்ச் சாவியைக் கேட்டு வாங்கிப் போனான். காரின் சத்தத்துக்காவது அது விலகுமா என்று பார்க்கத்தான். தார்ப்பாயை இழுத்து, சாவியைத் திருகினான். கார் இருமக்கூட இல்லை. மூடியைத் திறந்தால் எலி கூடு கட்டி, வயர்களை எல்லாம் கடித்து வைத்திருந்தது.

ஆனையைத் தேடி வாட்சர்களின் ஜீப் எதிர்ச் சரிவில் வந்த பிறகுதான் உயிர் வந்தது. வெடி போட்டார்கள். ஆனை அவசரப்படாமல் ஓடை வழியாக இறங்கிப் போனது. பாறைக்குப் பக்கத்தில் ரோட்டுக்கு அடியில் தண்ணீர் போகிற சிமென்ட் குழாய் ஒன்று உண்டு. அதற்குள் இருந்து அவரை இழுத்து எடுத்தார்கள். குடையை விரித்த பிறகு பின்னால் மரப்பட்டை உரிகிற சத்தம் கேட்டிருக்கிறது. திரும்பினால் மேல் சரிவில் ஆனை நிற்கிறதாம். குடையைப் போட்டுவிட்டுக் குதித்தவருக்குக் கால் எலும்பு முறிந்தது. அது குழாய்க்கு மேலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, வளைவுப் பக்கம் இறங்கியிருக்கிறது. "அவங்க இறங்கிருவாங்கன்னு தெரியும். குடைய மடக்க முடியலயேன்னுதான் உள்ள கிடந்தேன்" என்றார் ஆஸ்பத்திரியில். எனக்கு அவரை அடிக்கவேண்டும் போல இருந்தது, அழுதேன்.

கட்டுப் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தோம். லயமே வந்து பார்த்துவிட்டுப் போனது. முட்டை, பழம், ரிசார்ட்டில் இருந்து மதினி கொண்டுவந்த சூப்பு. மன்னிப்பு என்று ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. பழைய மாதிரி யாராவது வண்டி வாங்கி ஹாரன் அடித்தால் தேவலை என்று ஒருத்தர் சொன்னார். "அந்தப் புகைய மறுபடியும் குடிக்க எனக்கு நெஞ்சு இல்ல" என்றாள் மதினி. கடைசியில் அவள்தான் சொன்னாள், வீட்டுக்கு ஒரு நாள் முறை. காலையில் ஒருத்தர் முன்னால் போவது. ரோட்டில் இறங்க வேண்டியவர், இறங்க வேண்டாதவர் என்று கணக்கு இல்லை. "முதல் நாள் நான் போறேன். குடைய எடு புள்ள" என்றாள்.

ஒரு கம்பி வளைந்திருந்த அந்தக் குடையை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். கொடுக்கும்போது சொன்னேன், "விரிச்சா மட்டும் போதாது மதினி. சுத்திப் பாத்துட்டு மடக்கணும். மடக்குனாத்தான் இங்க இருந்து இறங்குவோம்." அவள் வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். அன்றைக்குக் குழாயடியில் எல்லாரும் மடங்குகிறவரை நின்றார்கள்.

கார் இப்போதும் வாசலில்தான் நிற்கிறது. உள்ளே மதினி வீட்டுக் கோழி அடை கிடக்கிறது. பழுது பார்க்கலாமா என்று என் அண்ணன் இவரைப் பார்க்க வந்து கேட்டபோது, வேண்டாம் என்று நானே சொன்னேன்.

எங்கள் வீட்டு முறை வந்த காலையில், அவர் கம்பை ஊன்றிக்கொண்டு எழுந்து நின்றார். "உக்காருங்க பேசாம" என்றேன். மாட்டேன் என்று சொல்லத் தெரியாத மனுஷன், பார்ப்போம் என்றுகூடச் சொல்லவில்லை. குழாயடி வரைக்கும் நொண்டிக்கொண்டே வந்தார்.

அந்த ரோட்டில் நான் தனியாக இறங்கியது அன்றைக்குத்தான். ஓடை கடந்ததும் லயத்துச் சத்தம் எல்லாம் அற்றுப்போனது. வளைவுக்குள் மரங்கள் இரண்டு பக்கமும் நெருங்கி நின்றன. என் கால் சத்தம் எனக்கே யாரோ பின்னால் வருவது போலக் கேட்டது. சாமி பெயர் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. எப்படியோ ஏறிப் பாறையில் கால் வைத்துத் திரும்பினேன்.

அவர் சொன்னது சரிதான். அங்கிருந்து பார்த்தால் எல்லாம் தெரிகிறது. குழாயடியில் வரிசையாகப் பெண்கள், தோளில் பைகள், ஒருத்தர் முகமும் தெரியாது, ஆனால் அத்தனை பேரும் என்னைப் பார்க்கிறார்கள் என்று தெரிகிறது. எங்கள் பின்வாசலும் தெரிகிறது. இதைப் பார்த்துக்கொண்டுதான் அந்த மனுஷன் இத்தனை நாள் தனியாக நின்றிருக்கிறார். ஓரத்தில் கம்பை ஊன்றி ஒரு உருவம் நின்றது. நான் குடையை விரித்தேன்.

பின்னால், மேல் சரிவில், மரப்பட்டை உரிகிற சத்தம் கேட்டது.

காற்றாக இருக்கும். கிராண்டிஸ் மரம் காற்றுக்கும் பட்டை உரிக்கும். திரும்பிப் பார்க்கக் கழுத்து வரவில்லை. கீழே யாரும் அசையவில்லை, எல்லாரும் காத்திருந்தார்கள். நான் குடையை விரித்தபடியே பிடித்துக்கொண்டு, இன்னொரு தடவை கேட்கிறதா என்று நின்றேன். மடக்குகிறவரை அவர் கண்ணை எடுக்கமாட்டார் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.